அன்றாடப் படி: ஈழத்து யோசே வாஸ் அடிகள் வரலாற்றில் இறைப் பராமரிப்பு

தோற்றுவாய்

'படியளத்தல்' என்பது தமிழர் வாழ்வில் ஆழ வேரூன்றிய வழக்கு. நெல்லும் அரிசியும் அளக்கும் முகத்தலளவைக்குப் படி என்பது பெயர். அவ்வளவையால் நாள்தோறும் அளந்து கொடுக்கப்படும் உணவுப் பொருளுக்கும் அதுவே பெயராயிற்று. கோயில்களில் நாள் வழிபாட்டுக்கென வரையறுத்த பொருளளவைப் படித்தரம் என்பர். மதுரையில் மார்கழித் திங்களில் நடைபெறும் அட்டமிச் சப்பர விழா, இறைவன் எல்லா உயிர்க்கும் படியளந்ததனை நினைவூட்டுவது. திருவீழிமிழலையிற் பஞ்சம் நேர்ந்த காலத்து அப்பரும் சம்பந்தரும் நாளுக்கொரு காசாகப் பெற்று அடியார்க்கு அமுதளித்தனர் என்று பெரியபுராணம் கூறும். அக்காசினைப் படிக்காசு என வழங்குவர். பஞ்சம் தீருமளவும் வேண்டும் பொன் முழுவதும் ஒரு நாளிலேயே கிடைத்துவிடவில்லை. அன்றன்றைக்கு வேண்டுவதே கிடைத்தது. இஃது ஈண்டு உற்று நோக்கற்பாலது.

கத்தோலிக்கத் திருச்சபையார் இக்கருத்தினைப் 'பராமரிப்பு' என்னுஞ் சொல்லாற் குறிப்பர். உலகினைப் படைத்தவன் அதனைக் கைவிடாது நாள்தோறும் பேணுகின்றான் என்பது அவர்தம் கோட்பாடு. கோட்பாடாகக் கூறுங்கால் எளிதாகத் தோன்றும் இது, நெடுந்துன்பம் நேர்ந்துழி எத்தன்மையதாக நின்றது? பசியும் சிறையும் அரச தண்டமும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தபொழுது, 'இறைவன் இன்றைக்குப் படியளப்பான்' என்னும் நம்பிக்கை மாந்தரை மடிமையில் ஆழ்த்திற்றா? அன்றிச் செயலில் ஊக்கிற்றா? படியளக்கப்படாது மாண்டவர்களைப் பற்றி அந்நம்பிக்கை கூறும் விடை யாது? இவ்வினாக்களை ஒரு வாழ்க்கை வரலாற்றின்கண் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நாம் கொண்டது, கி.பி. 1687 முதல் 1711 வரை ஈழத்தில் உழைத்த கோவைக் குருவாகிய யோசே வாஸ் அடிகளின் வரலாறு.

மன்னாவும் மன்றாட்டும்

வரலாற்றிற் புகுமுன் கோட்பாட்டின் அடிப்படையைச் சுருங்கக் காண்போம். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், யாத்திராகமம் பதினாறாம் அதிகாரம், எகிப்தினின்று வெளிப்போந்த இசுரவேலர் பாலை நிலத்தில் மன்னா என்னும் உணவு பெற்ற செய்தியைக் கூறுகின்றது. அவ்வுணவினை ஒவ்வொருவரும் அன்றைக்கு வேண்டிய அளவே திரட்டுதல் வேண்டும். மறுநாளைக்கென வைத்தது புழுத்துக் கெட்டது. ஓய்வு நாளின் முந்திய நாளில் மட்டும் இரு மடங்கு திரட்ட இசைவு இருந்தது. ஈண்டு இருவேறு செய்திகள் பொதிந்துள்ளன. உணவு தருபவன் இறைவன் என்பது ஒன்று. நாள்தோறும் எழுந்து சென்று குனிந்து திரட்டும் உழைப்பு மாந்தர்க்கு உரியது என்பது மற்றொன்று.

இயேசு பெருமான் கற்பித்த மன்றாட்டின்கண் நாள் உணவை வேண்டும் பகுதி இம்மன்னாவை அடியொற்றியது. அவ்வுணவுக்கு அடையாகக் கிரேக்க மூலத்தில் நின்ற சொல் மிக அரிது. நற்செய்தி ஆசிரியரே அதனை ஆக்கியிருத்தல் வேண்டும் என மூன்றாம் நூற்றாண்டினராகிய ஒரிகன் கருதினார். விவிலியத்தை இலத்தீனில் அமைத்த எரோனிமுசு, அவ்வொரு சொல்லையே மத்தேயு நற்செய்தியில் 'இயல்பு கடந்தது' என்னும் பொருள்படவும், லூக்கா நற்செய்தியில் 'நாள்தோறும் உரியது' என்னும் பொருள்படவும் இலத்தீனில் நிற்கச் செய்தார். ஆகவே கத்தோலிக்க மரபில் அவ்வேண்டுகோள் இரட்டைப் பொருள் உடையதாயிற்று. உடலுக்குரிய சோறும், பலி பூசையிற் பெறும் நற்கருணை அப்பமும் ஒருசேர வேண்டப்படுகின்றன. வேத கலகங்களின் நடுவே வாழ்ந்த கார்த்தேசு நகர ஆயர் சிப்பிரியான், மூன்றாம் நூற்றாண்டின் இடையில் இம்மன்றாட்டுக்கு எழுதிய உரையில் இவ்விரு பொருளையும் விளக்கியுள்ளார். ஒரு நாளைக்குரிய உணவை வேண்டுவோன் நெடுநாள் வாழ்வுக்குப் பொருள் தொகுத்தல் முரண் என்பதும் அவர் கருத்து.

இவ்விரட்டைப் பொருளை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும். ஏனெனில், நாம் ஆராய எடுத்துக்கொண்ட மக்கள் இவ்விருவகை உணவுக்கும் ஒருங்கே இடர்ப்பட்டவர்கள்.

சான்றுகளின் தன்மை

வாஸ் அடிகளின் வரலாற்றுக்கு அடிப்படையான நூல், செபாஸ்தியான் தோ ரேகோ என்பார் போர்த்துக்கேய மொழியில் எழுதி 1745-இல் லிசுபனில் வெளிவந்தது. ஆசிரியர் அடிகளின் சபையைச் சார்ந்தவர். ஈழத்தினின்று கோவைக்கு எழுதப்பெற்ற மடல்களைப் பயன்கொண்டவர். அடிகளைப் போற்றும் கருத்துடன் எழுதப்பட்டமையின் அந்நூலிற் புதுமைகள் பல இடம்பெற்றுள்ளன. இருபதாம் நூற்றாண்டில் எஸ்.ஜி. பெரேரா அடிகள் ஆங்கிலத்தில் எழுதிய வரலாறும், ஒல்லாந்தர் காலத் திருச்சபை பற்றிப் பூதென்சு 1957-இல் வெளியிட்ட ஆய்வும், பெர்னியோலா 1980-களில் தொகுத்தளித்த ஆவணங்களும் ஆராய்ச்சிக்குத் துணையாவன. நம் வினா புதுமைகள் நிகழ்ந்தனவா என்பதன்று. பசித்த நாளிற் சோறு எக்கையின் வழியாக வந்தது என்பதே. ஆதலின், புதுமையெனக் கூறப்படுவனவற்றை அவ்வாறே சுட்டி, அன்றாட வாழ்வைப் பற்றிய செய்திகளையே பெரிதும் கருவியாகக் கொள்வோம்.

குருவற்ற ஆண்டுகள்

ஒல்லாந்தர் 1656-இற் கொழும்பையும், 1658-இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் நாட்டினின்று நீக்கப்பட்டனர். குருமாருக்கு இடங்கொடுத்து மறைப்போர்க்கு மரண தண்டம் என 1658-இல் ஆணை பிறந்தது. கோயில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்கு உரியவாயின. ஞானத்தீக்கையும் திருமணமும் அச்சபையிற் பதிவு செய்யப்படுதல் வேண்டும் என்னும் நிலை ஏற்பட்டது. அப்பதிவு இல்லாதார்க்குச் சொத்துரிமையும் இடர்ப்பட்டது. ஆகவே இத்தண்டம் சிறைச்சாலையோடு நின்றதன்று. வயலுக்கும் வீட்டுக்கும் உலைக்கும் சென்று எட்டியது.

அதுமுதல் ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஈழத்துக் கத்தோலிக்கர் குருவின்றியே வாழ்ந்தனர். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகுந் தறுவாயில் அவஸ்தைப் பூசுதல் இல்லை. எஞ்சியவை மனப்பாடமான செபங்களும் வீட்டில் மறைத்து வைத்த செபமாலைகளுமே. இவை எஞ்சியதற்குக் காரணம் தமிழில் இருந்தது. பிரான்சிஸ்கு சவேரியார் 1542-க்குப் பின்னர் முத்துக்குளித்துறையில் மன்றாட்டுகளைத் தமிழில் ஆக்குவித்து, மக்களை ஒருங்கு கூட்டி வாய்மொழியாகப் பயிற்றினார். பின் வந்த அன்றீக்கு அடிகள் 1578-இற் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலைத் தமிழெழுத்தில் அச்சிட்டார். நாள் உணவை வேண்டும் மன்றாட்டு இவ்வாறு தாய்மொழியில் மக்கள் நாவிற் படிந்திருந்தமையால், நூலும் குருவும் அகற்றப்பட்ட பின்னரும் அது நின்றது.

ஈண்டு மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய ஒல்லாந்தப் போதகர் பல்தேயுசு, 1672-இல் வெளியிட்ட தம் நூலில் அதே மன்றாட்டின் தமிழ் வடிவத்தை அச்சிட்டுள்ளார். ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே வேண்டுகோளை ஒரே தமிழில் ஓதினர். ஒருவர் அதனைக் கோயிலில் ஓதினர். மற்றவர் கதவடைத்து ஓதினர்.

அடிமை ஓலை

யோசே வாஸ் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கோவையைச் சார்ந்த பெனோலிம் என்னும் ஊரிற் கொங்கணிப் பிராமண மரபினராகிய கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தார். 1676-இற் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு, 1677 ஆகசுத்து 5-ஆம் நாள், தம்மைத் தேவதாயாரின் அடிமையாக ஒப்புவித்து ஓர் ஆவணம் எழுதிக் கையொப்பமிட்டார். இதனை அடிமை ஓலை எனலாம்.

தமிழ் பயில்வார்க்கு இச்செய்தி கேட்டவுடன் திருவெண்ணெய்நல்லூர் வழக்கு நினைவுக்கு வரும். அங்கு ஆளோலையைக் கொண்டுவந்து காட்டியவன் இறைவன்; மறுத்து வழக்காடியவர் சுந்தரர். ஈண்டோ, ஆளாவான் தானே முற்பட்டு ஓலை தீட்டுகின்றான். இரண்டிலும் அடிப்படை ஒன்றே. அடிமைக்கு உடைமை இல்லை. ஆதலால் அவனுக்கு நாளைய கவலையும் இல்லை. அவன் உணவு ஆண்டவன் கடன். வாஸ் அடிகளின் பிற்கால வாழ்க்கை முழுவதையும் இவ்வோலையின் விரிவுரையாகக் கொள்ளலாம் என்பது நம் கருத்து.

அவர் 1681 முதற் சில ஆண்டுகள் கன்னடக் கரையிற் பணியாற்றினார். கோவைக்கு மீண்ட பின்னர், இந்தியக் குருமார் சிலர் கூடி வாழ்ந்த சிறு குழுவிற் சேர்ந்து, 1685-இல் அதன் தலைவரானார். புனித பிலிப்பு நேரியாரின் ஒராத்தோரியச் சபையாக அது உருப்பெற்றது. ஈழத்துக் கத்தோலிக்கர் குருவின்றித் தவிக்கும் செய்தி அவர் நெஞ்சை விட்டகலவில்லை. தலைமையைத் துறந்து, 1686-இல் யோவான் என்னும் ஏவலிளைஞருடன் தென்றிசை நோக்கிப் புறப்பட்டார்.

இரவலராய் வந்த குரு

தூத்துக்குடியில் தங்கி, 1687-இற் கப்பலேறினார். கப்பல் புயலில் அகப்பட்டு மன்னாரை அடைந்தது. அங்கிருந்து யாழ்ப்பாணம் சென்றார். ஐரோப்பியக் குரு ஒருவர் ஒல்லாந்தர் கண்ணுக்குத் தப்புதல் அரிது. கருநிறமுடைய இந்தியராகிய வாஸ் அடிகள் கூலியாள் உடையில் எளிதின் உட்புகுந்தார். ஆயின், கத்தோலிக்கர் யாவர் என அறியும் வழி யாது? வாய்விட்டுக் கேட்டாற் காட்டிக் கொடுப்பார் உளர். அவர் கண்ட வழி இரத்தல். கழுத்திற் செபமாலை அணிந்துகொண்டு வீடு வீடாகச் சென்று பிச்சை கேட்டார். பிச்சையிடுவோர் கண் செபமாலையின்மீது எவ்வாறு படிகின்றது என்பதை உற்று நோக்கினார்.

இவ்விடத்திற் சிறிது நின்று கருதுவோம். அடிகள் பூண்ட இரவலர் கோலம் வெறும் மாற்றுருவா? உடையளவில் அவ்வாறு கூறலாம், பசியளவிற் கூறவியலாது. அவர் கையிற் பொருளில்லை. அவரைப் பேணும் அரசும் ஆங்கில்லை. அன்று பிச்சை விழுந்தால் அன்று உணவு. இரத்தல் அவரை மறைத்தது. அதுவே அவரை ஊட்டியது. அதுவே அவருடைய மக்களையும் அவர்க்குக் காட்டிக் கொடுத்தது.

யாழ்ப்பாணம் அடைந்த சின்னாளில் அடிகளை வயிற்றுக்கடுப்பு நோய் பற்றிற்று. தொற்று நோயென அஞ்சி, அவரையும் உடனிருந்த இளைஞரையும் ஊர்ப்புறத்தே ஒதுக்கிவிட்டனர். ஏழைப் பெண் ஒருத்தி இரங்கிக் கஞ்சி கொணர்ந்து ஊட்டினாள் என்று வரலாறு கூறுகின்றது. அவள் பெயரை வரலாறு பொறிக்கவில்லை. அவள் அறிந்து செய்த தொண்டும் அன்று அது. அவள் கண்டது நோயுற்ற பிச்சைக்காரன் ஒருவனையே. பின்னர் ஈழத்துத் திருச்சபை தழைப்பதற்கு ஏதுவான ஓர் உயிர், அந்நாள் ஒருத்தியின் கலயக் கஞ்சியில் நின்றது.

பராமரிப்பு என்னும் சொல்லின் பொருளை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகின்றது. அன்றைய படி வானினின்று பொழியவில்லை; தன் உலையிற் குறைத்துக்கொண்டு கொணர்ந்த கையினின்று வந்தது. கத்தோலிக்கக் கோட்பாட்டின்படியும் இஃது இறைச்செயலுக்கு இழுக்கன்று. இறைவன் படைப்புயிர்களின் செயலைத் தன் செயலுக்குக் கருவியாகக் கொள்கின்றான் என்பது அக்கோட்பாட்டின் ஒரு கூறு.

சில்லாலையில் நேர்ந்த சோதனை

உடல் தேறிய அடிகள், கத்தோலிக்கரை ஒருவர்வழி ஒருவராகக் கண்டறிந்து, யாழ்ப்பாணத்துச் சில்லாலை என்னும் ஊரைத் தம் பணிக்கு நிலைக்களனாக்கிக் கொண்டார். பூசை இரவில் நடந்தது. விடியுமுன் கூட்டம் கலைந்தது. ஒரு வீட்டில் நெடிது தங்குதல் அவ்வீட்டார்க்குக் கேடு. அவர்க்கு இடமும் உணவும் அளித்த ஒவ்வொரு குடும்பமும் 1658-ஆம் ஆண்டு ஆணையைத் தலைமேற் சுமந்தே அளித்தது. அக்குடும்பங்கள் அன்று வட்டித்த சோறு, உயிரைப் பணயம் வைத்து வட்டித்த சோறாகும். முப்பதாண்டு கிடையாதிருந்த நற்கருணை அப்பத்தை அடிகள் அவர்க்குக் கொடுத்தார். அவர்கள் அடிகளுக்குச் சோறு கொடுத்தனர். மன்றாட்டின் இருபொருளும் அவ்விருட்டறைகளில் ஒன்றாயின.

இந்நிலை நீடிக்கவில்லை. 1689-ஆம் ஆண்டு கிறித்து பிறப்பு விழாவின் முன்னிரவில் ஒல்லாந்தர் கூட்டங்களைச் சூழ்ந்தனர். ஏறத்தாழ முந்நூற்றுவர் சிறைப்பட்டனர். பலர் தண்டம் செலுத்தி விடுபட்டனர். சீர்திருத்தச் சபையை விட்டுக் கத்தோலிக்கரான தொன் பேதுரு என்பார் கசையடிபட்டு மாண்டார். வேறு சிலர் விலங்கிடப்பட்டுக் கோட்டை வேலையிற் கட்டாய உழைப்புக்கு உள்ளாகி மடிந்தனர். தேடப்பட்ட அடிகள் அகப்படவில்லை.

நம் ஆராய்ச்சியின் கடுமையான வினா இங்கே எழுகின்றது. அடிகள் தப்பியது பராமரிப்பு எனின், தொன் பேதுரு மாண்டது யாது? ஒருவர்க்குப் படியளந்த கை மற்றவர்க்கு மூடிக்கொண்டதா? போற்றி நூல்கள் பல இவ்வினாவை எழுப்பாமலே கடந்து செல்கின்றன. அடிகளின் தப்புதலை வியந்து விரிப்பவை, விலங்கோடு மாண்டவரை மறைசாட்சியர் என்று புகழ்ந்து ஒரு வரியில் முடிக்கின்றன.

மன்றாட்டின் சொற்களையே கூர்ந்து நோக்கின் ஒரு விடை கிடைக்கும். அதன்கண் வேண்டப்படுவது இன்றைய உணவு. நாளைய பாதுகாப்பு ஆங்கு வேண்டப்படவில்லை. நீண்ட ஆயுளும் வேண்டப்படவில்லை. உணவை வேண்டுமுன் வேண்டப்படுவது இறைவன் திருவுளம் நிறைவேறுதல். ஆகவே இம்மன்றாட்டைச் சொல்லுவோன் துன்பத்தினின்று தப்புவேன் என்னும் உறுதிச்சீட்டைப் பெறுவதில்லை. துன்பத்தின் இன்றைய பகுதியைச் சுமத்தற்கு வேண்டும் வலிமையையே பெறுகின்றான். கோட்டை மதிலுக்குக் கல் சுமந்தவர்கள் தம் நம்பிக்கையை மறுத்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் அவ்வாய்ப்பு அவர்முன் இருந்தது. ஒவ்வொரு நாளும் அதனை மறுத்தற்கு வேண்டிய உரம் அவர்க்கு எங்கிருந்தோ வந்தது. அவர்க்கு அளக்கப்பட்ட படி அதுவே எனக் கத்தோலிக்க மரபு கூறும். இவ்விடை அவர்தம் மனைவி மக்களின் கண்ணீரைத் துடைத்திருக்கும் எனக் கூற நாம் துணியோம். துன்பத்தை இல்லையென்னாது, அதனூடே நின்று கூறப்படும் விடை என்ற அளவில் அஃது ஆராய்ச்சியாளர் மதிப்புக்கு உரியது.

கண்டிச் சிறை

1690-இல் அடிகள் ஒல்லாந்தர் ஆட்சி செல்லாத கண்டி அரசின் எல்லையுட் புகுந்து, புத்தளத்திற் பணி தொடங்கினார். 1692-இல் தலைநகராகிய கண்டியை நோக்கிச் சென்றார். அரண்மனையிற் செல்வாக்குடன் இருந்த லானெரோல் என்னும் பிரெஞ்சுக்காரர், கல்வினியக் கொள்கையினர். 1672-இற் பிரெஞ்சுத் தூதராக வந்து ஈழத்திலேயே தங்கிவிட்டவர். 'வருபவர் போர்த்துக்கேய ஒற்றர்' என அவர் மன்னனிடம் கூறினார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் ஆணையால் அடிகள் சிறைப்பட்டார்.

இறைவன் பார்த்துக்கொள்வான் என்று வாளாவிருந்தாரா எனின், இல்லை. அச்சிறையிருப்பைச் சிங்கள மொழி கற்கும் காலமாக்கினார். ஒற்றர் அல்லர் என்பது மெல்லத் தெளிவாக, காவல் தளர்ந்தது. குடிசையில் ஒரு பீடம் அமைத்துப் பூசை செய்தார். நகரத்திற் சிறையிருந்த கத்தோலிக்கர் அவரை நாடி வந்தனர். சிறைக்கூடமே ஆலயமாயிற்று. பராமரிப்பில் நம்பிக்கையுடையோன் முயற்சியற்றவன் ஆவான் என்னும் தடைக்கு இவ்வாண்டுகள் தக்க மறுமொழி. மன்னா பெற்றவனும் நாள்தோறும் குனிந்து திரட்டவே வேண்டியிருந்தது என மேலே கண்டோம். அடிகள் கண்டியில் திரட்டியது சொற்களை.

கண்டியில் வறட்சி நேர்ந்தபொழுது அடிகள் திறந்த வெளியிற் பீடம் அமைத்து வேண்ட மழை பொழிந்தது என்பதும், அதனால் மன்னன் அவர்க்கு உரிமை அளித்தான் என்பதும் அவர் வரலாற்றிற் புகழ் பெற்ற செய்தி. புதுமையின் மெய்ம்மையை ஆராய்தல் நம் நோக்கன்று. நம் வினாவுக்கு ஏற்றது ஒன்றை மட்டும் குறிப்போம். அம்மழை அடிகளின் கூட்டத்தார்க்கு மட்டும் பெய்ததன்று. புத்த சமயத்தவர் வயலும் அதனால் நனைந்தது.

ஈழத்துக்கு வந்த நாள் முதலாக ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் அடிகள் ஒருவரே அத்தீவு முழுவதற்கும் குருவாக இருந்தார். ஒரு குரு மற்றொரு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தல் வேண்டும். அவர்க்கோ அதற்கும் ஆளில்லை. மக்களுக்கு அளித்த ஆறுதல் தமக்குக் கிடையாத நிலையில் அத்தனை ஆண்டும் நின்றார். கோவையினின்று துணைக்குருமார் 1696-ஐ ஒட்டியே வந்து சேர்ந்தனர். அவருள் ஒருவர், அடிகளின் உறவினரான யோசே கர்வாலியோ.

பெற்றவர் கொடுத்தவரானமை

1697-இற் கண்டியில் வைசூரி பரவிற்று. அரசனும் செல்வரும் நகரை விட்டு நீங்கினர். நோயாளரை உறவினரும் கைவிட்டுக் காட்டோரங்களில் விடுத்தனர். வாஸ் அடிகளும் கர்வாலியோ அடிகளும் நகரிலேயே தங்கினர். நோயாளருக்குக் குடில் கட்டி, வெறிதாய்க் கிடந்த வீடுகளை மருத்துவமனையாக்கினர். கஞ்சி காய்ச்சிச் சுமந்து சென்று ஊட்டினர்; புண் கழுவினர்; இறந்தோரைப் புதைத்தனர். சமய வேறுபாடு நோக்கவில்லை. அவர்தம் தொண்டு இல்லையேல் தெருக்கள் பிணக்காடாகியிருக்கும் என மன்னனே கூறினான் என்பது மரபு.

பத்தாண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்து ஊர்ப்புறத்திற் கிடந்தவரை இங்கு நினைவு கூர்தல் வேண்டும். தொற்று நோயாளி என்று ஒதுக்கப்பட்டவர், இன்று ஒதுக்கப்பட்டாரைத் தேடிச் செல்கின்றார். ஒருத்தியின் கஞ்சியால் உயிர் பிழைத்தவர், இன்று பலர்க்குக் கஞ்சி சுமக்கின்றார். யாழ்ப்பாணத்துப் பெண் அவரை யார் என்று அறியாமலே ஊட்டினாள். கண்டியில் அவரும் யார் எவர் என்று வினவாமலே ஊட்டினார். பெற்ற படி அவர் கையில் தங்கவில்லை. வேறொரு கலத்திற்கு மாறிற்று. மறுநாளைக்கென வைத்த மன்னா புழுத்தது என்னும் பழைய செய்தியின் உட்பொருள் இதுவே போலும்.

மொழிவழி எஞ்சியது

ஒருவர் உயிரோடு ஒழியும் பணி நிலைபெறாது என்பதை அடிகள் உணர்ந்திருந்தார். குரு வர இயலாத நாட்களிலும் ஊரார் கூடி வேண்டுதல் நிகழ்த்தும்பொருட்டு, ஊர்தோறும் பொதுநிலையினரைத் தலைவராக்கினார். வேண்டுதலை முன்னின்று நடத்துவோர் அண்ணாவி எனவும், சபைப் பொறுப்பாளர் மூப்பர் எனவும் வழங்கப்பட்டனர். கூத்துப் பயிற்றும் ஆசானைக் குறிக்கும் அண்ணாவி என்னும் தமிழ்ச்சொல் மன்றாட்டுப் பயிற்றும் ஆசானுக்கும் ஆயிற்று. குருவற்ற முப்பதாண்டில் மக்கள் தாமாகவே காத்த முறையை அடிகள் ஓர் அமைப்பாக்கினார் எனலாம்.

1705-இல் ஈழம் வந்த யாக்கோமே கொன்சால்வெசு அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் பல யாத்தார். தேவ அருள் வேத புராணம், வியாகுலப் பிரசங்கம் என்பன அவர் தந்த தமிழ் நூல்கள். ஓலைகளிற் படியெடுக்கப்பட்டு ஊர்தோறும் பரவிய இத்தகைய நூல்கள், குருவின் குரல் எட்டாத இடங்களில் அண்ணாவியின் குரலாக ஒலித்தன. கிறித்தவத் தமிழுரைநடை வரலாற்றில் வீரமாமுனிவர்க்கு நாம் அளிக்கும் கவனத்திற் சிறிதளவேனும் இவ்வீழத்து நூல்களுக்கும் அளித்தல் நம் துறையின் கடமை. இவை அரசர் அவையின் பொருட்டோ புலவர் அரங்கின் பொருட்டோ எழுந்தவையல்ல. இரவிற் கூடிக் கதவடைத்துக் கேட்ட மக்களின் பொருட்டு எழுந்தவை. அந்நடையின் எளிமையும் உருக்கமும் அச்சூழலிற் பிறந்தவை.

வாஸ் அடிகள் 1711-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் கண்டியிற் காலமானார். தாயகமாகிய கோவைக்கு அவர் மீளவேயில்லை. ஈழத்துக் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகள் ஆங்கிலேயர் ஆட்சியில் 1806-இலேயே சட்டப்படி நீங்கின. 1658 முதற் கணக்கிடின், அத்துன்பம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுத் துன்பம். அடிகள் 1995 சனவரி 21-இற் கொழும்பில் இரண்டாம் யோவான் சின்னப்பரால் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 சனவரி 14-இல் அதே நகரிற் பிரான்சிசு பாப்பரசரால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. ஒன்று, இவ்வரலாற்றில் இறைப் பராமரிப்பு என்பது நாளளவிற் பெறப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுத் துன்பத்திற்குரிய ஆற்றலை ஒருவரும் ஒருங்கே பெற்றிலர். அன்றன்றைக்கு உரியதையே பெற்றனர். இரண்டு, அப்படி மாந்தர் கையால் அளக்கப்பட்டது. அளந்த கை தன் பங்கிற் குறைத்தோ, தன் உயிரைப் பணயம் வைத்தோ அளந்தது. ஆகவே நம்பிக்கை என்பது பெறுதற்கு நீட்டிய கையாக மட்டும் நில்லாது, கொடுத்தற்கு நீட்டிய கையும் ஆயிற்று. மூன்று, அந்நம்பிக்கை தப்புவித்தலுக்கு உறுதி கூறியதன்று. தப்பியவரும் மாண்டவரும் ஒரே மன்றாட்டை ஓதினர். இருவர் வாயிலும் அது பொய்யாயிற்று என அவர்தம் வழியினர் கருதவில்லை.

வரலாற்று நூல்கள் தலைவர் பெயரைப் பொறிக்கும். படியளந்தவர் பெயரை மறக்கும். யாழ்ப்பாணத்து ஊர்ப்புறத்திற் கலயத்திற் கஞ்சி கொணர்ந்த அப்பெண் யாவள் என நாம் அறியோம். அவள் நாள்தோறும் ஓதிய மன்றாட்டு யாதாயினும் ஆகுக. யோசே வாஸ் அடிகள் ஓதிய மன்றாட்டுக்கு அன்றைய விடையாக வந்தவள் அவளே.